காடும் 'மவாத்'தும்: திருவள்ளூர்க் கரையோரக் காடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காடுகள் ஏன் அழிகின்றன என்னும் வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகளை நாம் அறிவோம். மக்கள்தொகைப் பெருக்கம், வேளாண்மையின் விரிவு, மர வணிகம், சுரங்கம், சாலை, தொழிற்சாலை என்று அவை நீளும். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக நிகழும் காரியம் ஒன்று உண்டு. கோடரி காட்டுக்குள் நுழையுமுன் ஒரு சொல் நுழைந்துவிடுகின்றது. 'தரிசு', 'புறம்போக்கு', 'புதர்', 'பயனற்ற நிலம்' என்ற பெயர்களுள் ஏதேனும் ஒன்று பதிவேட்டில் ஏறியபின், வெட்டுவோருக்குத் தாம் காட்டை வெட்டுகின்றோம் என்ற எண்ணமே எழுவதில்லை. வீணாய்க் கிடந்த நிலத்துக்குப் பயன் அளிக்கின்றோம் என்றே அவர்கள் கருதிக்கொள்கின்றனர்.

இஸ்லாமியச் சட்டவியல் பயின்றோருக்கு இவ்விடத்தில் 'இஹ்யாவுல் மவாத்' என்னும் பாடம் நினைவுக்கு வரும். இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல் என்பது அதன் பொருள். எது இறந்த நிலம், எது உயிருள்ள நிலம் என்பதே அப்பாடத்தின் முதல் வினா. அந்த வினாவைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரக் காடுகளை நோக்கி எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மழைக்காட்டின் இயல்பு

முதலில் வெப்பமண்டலக் காடு இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொள்வோம். பூமத்திய ரேகையின் இருமருங்கிலும், அமேசான் படுகையிலும் காங்கோ படுகையிலும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் மழைக்காடுகள் பரந்துள்ளன. நம் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆனைமலை, களக்காடு, முண்டந்துறை, அகத்தியர் மலைப் பகுதிகளில் அவற்றைக் காணலாம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை, ஆண்டு முழுதும் மாறாத வெப்பம், அடுக்கடுக்காய் எழும் மரங்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். உலக நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், நிலவாழ் உயிரினங்களுள் ஏறத்தாழப் பாதி இக்காடுகளில் வாழ்கின்றன.

இவ்வளவு செழிப்பான காடு செழிப்பான மண்ணில்தான் நிற்கும் என்று எவரும் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. பெருமழை பல்லாயிரம் ஆண்டுகளாகக் கழுவியதால் இக்காட்டு மண் பெரும்பாலும் சத்துக் குறைந்ததாகவே உள்ளது. ஊட்டச் சத்தின் பெரும்பகுதி மண்ணில் இல்லை; இலையிலும் கிளையிலும் வேரிலும் உள்ளது. உதிர்ந்த இலை சில மாதங்களிலேயே மட்கி, பூஞ்சைகளின் துணையுடன் மீண்டும் வேரை அடைந்து மரமாகின்றது. நீரும் அவ்வாறே சுழல்கின்றது. அமேசான் காடு தான் பெற்ற மழையின் கணிசமான பகுதியை இலைகளின் வழியே வானுக்குத் திருப்பி அனுப்ப, அதுவே காற்றின் திசையில் உள்ள தொலைநிலங்களில் மழையாகப் பெய்கின்றது. ஆகவே மரங்களை வெட்டி எரித்துப் பயிரிட்டால் சாம்பலின் உரம் சில பருவங்களுக்கே தாங்குகின்றது. பின்னர் நிலம் உண்மையிலேயே தரிசாகின்றது. தரிசு என்று பெயரிட்டு அழிக்கப்பட்ட காடு, அழிந்தபின் அப்பெயருக்கு உரியதாகிவிடுகின்றது.

சோழமண்டலக் கரையின் காடு

மழைக்காட்டின் உயரமும் அடர்த்தியுமே காட்டுக்குரிய இலக்கணம் என்ற எண்ணம் கற்றவர்களிடையேயும் வேரூன்றியுள்ளது. அதனால் நம் அருகிலேயே உள்ள வேறொரு காடு கவனம் பெறாமற் போயிற்று. தெற்கு ஆந்திரக் கரையிலிருந்து திருவள்ளூர், செங்கற்பட்டு, புதுச்சேரி வழியாக இராமநாதபுரம் வரையிலும், கடலுக்கு அப்பால் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் இக்காடு பரவியிருந்தது. 1968இல் வெளிவந்த சாம்பியன், சேத் ஆகியோரின் இந்தியக் காட்டு வகைப்பாடு இதனை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று தனி வகையாகக் குறித்தது.

இதன் பெயரிலேயே ஒரு வியப்பு அடங்கியுள்ளது. ஆண்டுக்கு 1,000 முதல் 1,400 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றால் வந்துவிடுகின்றது. அதன்பின் பல மாதங்கள் வறட்சி. இத்தகைய பருவநிலையில் மரங்கள் இலையுதிர்ப்பதே உலக இயல்பு. ஆனால் இக்காடு கோடையிலும் பசுமையாக நிற்கின்றது. தோல்போல் தடித்த சிறிய இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. பத்து மீட்டரைச் சுற்றியே நிற்கும் தாழ்ந்த முகடும், இடைவெளியின்றிப் பின்னிய கொடிகளும் செடிகளும் கடற்காற்றையும் வெயிலையும் தடுத்து, அடியில் ஈரத்தைக் காக்கின்றன. பாலை, வீரை, காசான், கருங்காலி, நாவல், குருந்து, களா முதலியன இதன் மரங்களும் செடிகளும் ஆகும். பறவைகளும் வௌவால்களும் மரநாய்களும் கனிகளைத் தின்று விதைகளைப் பரப்புகின்றன. நாம் மிஸ்வாக் குச்சிக்காக நன்கறிந்த 'அராக்' மரமும் சோழமண்டலக் கரைக்குரியதே. சங்க நூல்கள் அதனை உகாய் என்று அழைக்கின்றன.

இங்கே காடு இருந்தது என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று பகரும். இம்மாவட்டத்தின் திருவாலங்காடு ஆலமரக் காட்டால் பெயர் பெற்றது. வேல் என்பது வேலமரம். வேலும் காடும் புணர்ந்தால் வேற்காடு. திருவேற்காடும் பழவேற்காடும் அவ்வாறு அமைந்த பெயர்களே. வேர் என்பதே நிலைமொழியாயின் வேர்க்காடு என்றல்லவா வரும்? பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் வழியில் உள்ள திருப்பாலைவனம் இவற்றுள் மிகவும் சிந்தனைக்குரியது. இன்றைய வாசகர் 'பாலைவனம்' என்றவுடன் மணல்வெளியை எண்ணுவர். அவ்வூர்ப்பெயர் குறிப்பதோ பாலைமரங்கள் நிறைந்த வனத்தை. இக்காட்டு வகையின் தலைமை மரத்தைத் தன் பெயரில் தாங்கி நிற்கும் ஊர் அது. வனத்தைக் குறித்த சொல் நம் செவிக்கு வறண்ட நிலமாக ஒலிக்கும் அளவுக்கு அம்மரம் நம் நினைவிலிருந்து அகன்றுவிட்டது.

சொல்லால் வீழ்ந்த காடு

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரியே அரசின் முதன்மை வருவாய். வரி செலுத்தும் நிலம் பயனுள்ள நிலம். வரிக்கு உட்படாதது புறம்போக்கு அல்லது தரிசு. இந்தக் கணக்கில் ஊரார் விறகு பொறுக்கிய காடும், ஆடு மாடு மேய்ந்த வெளியும், ஏரிக்கு நீர் தந்த மேட்டு நிலமும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. 1856ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் தென்னிந்தியாவின் முதல் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதே ஆண்டில் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இரயில் எஞ்சினுக்கு விறகும், தண்டவாளத்துக்குக் கட்டையும் தேவைப்பட்டன. அத்தேவைக்கு மரம் குறைந்துவருவதைக் கண்டே அரசு காட்டைக் காக்கவும் முற்பட்டது. வளர்ந்துவந்த சென்னை நகரின் அடுப்புகளுக்கு ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் சில காடுகளை ஒதுக்கிக் காத்தது. ஒதுக்கப்படாதவை காடு என்ற பெயரையே படிப்படியாக இழந்தன.

அழிந்த காட்டின் இடத்தில் வந்தவை சவுக்கும், பின்னர் சீமைக் கருவேலமும். முன்னது விறகுக்காகக் கடலோரத்தில் வரிசையாய் நடப்பட்டது. பின்னது தரிசைப் பசுமையாக்கக் கொணரப்பட்டுத் தரிசல்லாதவற்றையும் கவர்ந்துகொண்டது. இந்திய வன அளவைத் துறை, உரிமையாளர் எவராயினும், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிப்பு பத்து விழுக்காடு இருப்பின் அதனைக் காட்டுப் பரப்பாகக் கணக்கிடுகின்றது. இதன்படி ஒரு சவுக்குத் தோப்பும் காடாகலாம். மறுபுறம் அரசு வெளியிடும் தரிசு நிலங்களின் வரைபடத் தொகுப்பில் புதர்க்காடுகள் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. நட்டது காடாகவும் முளைத்தது தரிசாகவும் எழுதப்படும் நிலை இதனால் விளைகின்றது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரேசிலின் இராணுவ அரசு 1970இல் அமேசானின் குறுக்கே நெடுஞ்சாலையைத் தொடங்கியபோது, அங்கு வாழ்ந்த பழங்குடியினரைக் கருதாமல் அதனை ஆளில்லா நிலமாகவே பேசியது. மரத்தை வெட்டுவது நிலத்தைப் 'பயன்படுத்தியதற்கு' அடையாளமாகி, வெட்டியவருக்கே உரிமைப் பத்திரம் கிடைக்கும் வழி திறந்தது. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவில், 1990களின் நடுவில் கலிமந்தானின் கரிச்சதுப்புக் காடுகளில் பத்து இலட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. சதுப்பு வீண் நிலம் என்பதே அதன் அடிப்படை. நெல் விளையவில்லை. நீர் வடிக்கப்பட்ட சதுப்பு 1997இல் தீப்பற்றி எரிந்தது. அவ்வாண்டின் தீயால் அண்டை நாடுகளையும் புகை மூடியது. 1998இல் திட்டம் கைவிடப்பட்டது.

தேர்வாய்கண்டிகை

இனி நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் தமிழகத்தின் பழைய தொழில் மையங்களுள் ஒன்று. அதன் தொடர்ச்சியாக அதே வட்டத்தின் தேர்வாய்கண்டிகை ஊரில் ஏறத்தாழ 1,100 ஏக்கரில் மற்றொரு தொழிற்பூங்கா அமைக்க சிப்காட் முற்பட்டது. 2009இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லின் அங்கு ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

பதிவேட்டில் அந்நிலம் மேய்க்கால் புறம்போக்கு. ஊராரோ, பெரும்பாலும் தலித் மக்கள், அது தாம் பேணிக் காத்த காடு என்றனர். அதில் தம் கால்நடைகள் மேய்ந்தன, விறகும் மூலிகையும் காய்கனியும் கிடைத்தன, அங்கு விழுந்த மழைநீரே ஏரிகளை நிரப்பியது என்று வாதிட்டனர். போராட்டங்களும் கைதுகளும் வழக்கும் தொடர்ந்தன. 2012இல் அவ்வழக்கு கடல் கடந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ்ப் பிரான்சில் இயங்கும் தேசியத் தொடர்பு மையத்தின் முன் முறையீடாகச் சென்றது. அதற்குள் நிலம் திருத்தப்பட்டுவிட்டது. ஆலையும் எழுந்தது.

அந்நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்பது அம்முறையீட்டின் பொருள். தொழிற்சாலைகளால் வேலைவாய்ப்பு பெருகுகின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நம் சமுதாய இளைஞர்களும் அவற்றை நம்பி வாழ்கின்றனர். நாம் நோக்குவது அதற்கு முந்தைய படியை. ஒரே நிலத்தை ஊரார் காடு என்றனர், ஏடு புறம்போக்கு என்றது. ஏட்டின் சொல்லே வென்றது. இதன்பின் 2020 நவம்பரில், கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 50 கோடி கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது. மழைநீரைச் சிறுகச் சிறுக நிலத்துக்குள் இறக்கும் பணியைச் செய்வது நீர்ப்பிடிப்பு மேட்டின் மரஞ்செடிகளே என்பதை நோக்க, பயனற்றதாகக் கருதப்பட்ட இத்தகைய நிலங்கள் தலைநகரின் குடத்துக்கு எவ்வளவு அணுக்கமானவை என்பது விளங்கும்.

மவாத், ஹரீம், ஹிமா

இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரியது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதி முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. அதற்கு அரசின் அனுமதி தேவை என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர் இருவரும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அனுமதி தேவையில்லை என்கின்றனர். மேலோட்டமாக நோக்குவோர், காட்டை வெட்டி வயலாக்குவதற்கும் ஆலை எழுப்புவதற்கும் இதுவே ஆதாரம் எனக் கொள்ளக்கூடும். ஆனால் சட்டவியலார் இந்த வாயிலுக்குக் காவலும் அமைத்துள்ளனர்.

முதல் காவல் 'ஹரீம்'. குடியிருப்பின் நலனுக்குத் தேவையான சுற்றுப்புறம் என்பது இதன் பொருள். நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் முக்தஸருல் குதூரி, ஊரை அடுத்துள்ள நிலத்தை உயிர்ப்பித்தல் கூடாது என்றும், ஊராரின் மேய்ச்சலுக்கும் அறுவடைக் களத்துக்கும் அது விடப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜும், ஊரின் ஹரீம் எவராலும் உயிர்ப்பித்து உரிமையாக்கப்படாது என்கின்றது. அதாவது, தனி உரிமையாளர் இல்லாமை ஒரு நிலத்தை மவாத் ஆக்கிவிடாது. ஊரார் நெடுங்காலம் நம்பி வாழும் நிலம் உயிருள்ள நிலமே. மேய்க்கால் என்னும் தமிழ்ச் சொல்லைக் குதூரியின் உரைக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிலத்தையே பேசுகின்றன.

இரண்டாம் காவல் பொதுவளம். அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்களுக்கு மஃரிபின் உப்பளத்தை நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது எவரும் சென்று எளிதில் எடுத்துக்கொள்ளும் வற்றாத வளம் என்று ஒருவர் எடுத்துரைத்தபோது, வழங்கியதைத் திரும்பப் பெற்றார்கள். இறைத்தூதரே வழங்கிய உரிமையும், நிலத்தின் தன்மை தெரியவந்தவுடன் மாற்றப்பட்டது. ஆட்சியாளரின் ஒதுக்கீடு மறுபரிசீலனைக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

மூன்றாவது 'ஹிமா'. இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் தம் அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில், நிலம் உயிர்ப்பிக்கப்பட்டு ஒருவருக்கு உரிமையாவதைத் தடுத்து, புல் வளரவும் மேய்ச்சலுக்கும் பொதுவாக விடுவதே ஹிமா என்று விளக்குகின்றார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. மனிதன் உழாமல் விட்ட நிலமும் உயிரோடு பயன் தரலாம் என்ற ஏற்பு இவ்விலக்கணத்துக்குள் அடங்கியுள்ளது. உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலரை நியமித்தபோது, சிறு மந்தை உடையோரை உள்ளே விடுமாறும், பெருஞ்செல்வர்களான நபித்தோழர்கள் இருவரின் மந்தைகளை விலக்குமாறும் பணித்த செய்தியை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். செல்வர் தம் மந்தை அழிந்தாலும் தோட்டத்துக்கும் வயலுக்கும் திரும்பிவிடுவர். ஏழைக்கு அம்மந்தையே வாழ்வு என்பது கலீஃபா அவர்கள் கூறிய காரணம். தேர்வாய்கண்டிகை போன்ற ஊர்களில் பொதுநிலம் இழந்தோர் எத்தகையோர் என்று எண்ணும்போது இந்த நீதியின் ஆழம் புலப்படும்.

ஆக, சுற்றுச்சூழல் அறிவியலும் ஃபிக்ஹும் இவ்விடத்தில் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. மவாத் என்று தீர்ப்பளிக்குமுன் நிலத்தின் நிலையை அறிய வேண்டும். தாழ்ந்து பின்னிய காசானும் வீரையும் வெறும் புதர் அல்ல, நீரைக் காத்துக் கனி தரும் காடு என்று அறிவியல் எடுத்துரைத்தபின், அதனை இறந்த நிலம் எனல் உண்மைக்கு மாறான சாட்சியமாகும்.

சட்டமும் நம் கடமையும்

இதே வினா நாட்டின் உச்ச நீதிமன்றத்தையும் அடைந்தது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதி மரவெட்டு தொடர்பாக எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று, காடு என்னும் சொல்லை அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும், உரிமையாளர் எவர், வகைப்பாடு எது என்பது பொருட்டன்று என நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் காடு பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, காடு என அறிவிக்கப்பட்ட அல்லது 1980 அக்டோபர் 25க்குப் பின் அரசு ஆவணங்களில் காடு எனப் பதிவான நிலங்களுக்கே சட்டம் செல்லும் என்ற நிலை உருவானது. அதனை எதிர்த்த வழக்கில், 2024 பிப்ரவரியில் நீதிமன்றம், இடைக்காலமாக 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு மாநிலங்களைப் பணித்தது. ஏட்டின் சொல்லா, நிலத்தின் உண்மையா என்பதே இங்கும் வழக்கு.

காக்கப்பட்டால் இக்காடு நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஒருகாலத்தில் சென்னைக்கு விறகு தந்த ஸ்ரீஹரிக்கோட்டை, 1969இல் விண்வெளி ஏவுதளத்துக்குத் தேர்வு செய்யப்பட்டு வெளியார் நுழையாத இடமானது. இன்று உலர் பசுமைமாறாக் காட்டின் மிகப்பெரிய எச்சங்களுள் ஒன்று அங்கேதான் உள்ளது. ஏனைய எச்சங்கள் பெரும்பாலும் கோயில் காடுகளில் சிறு துண்டுகளாய் நிற்கின்றன. 1968இல் ஆரோவில் நிறுவப்பட்டபோது மரமின்றிக் கிடந்த செம்மண் மேட்டில், இதே வகை மரங்கள் மீண்டும் வளர்க்கப்பட்டுள்ளன.

இந்தோனேசிய உலமா பேரவை 2014இல் அழியும் உயிரினங்களைக் காப்பது குறித்தும், 2016இல் காட்டையும் நிலத்தையும் எரிப்பது குறித்தும் ஃபத்வாக்கள் வெளியிட்டது. அத்தகைய பணியை நம் உலமாக்களும் மேற்கொள்ளலாம். அதற்கு முன்னரே நம் கைக்கு எட்டியவை சில உள்ளன. அரபுக் கல்லூரிகளில் இஹ்யாவுல் மவாத் பாடத்தை ஓதிக்கொடுக்கும் ஆசிரியர், ஊரின் 'அ' பதிவேட்டையும் மாணவர்முன் விரித்து, அதில் புறம்போக்கு என எழுதப்பட்டவற்றுள் எது மவாத், எது ஹரீம் என்று ஆராயச் செய்யலாம். ஜமாஅத்துகள் தம் ஊரின் மேய்க்காலும் ஏரி நீர்வரத்தும் வேறு பயனுக்கு மாற்றப்படும் அறிவிப்புகள் வரும்போது, எல்லாச் சமயத்து அண்டை வீட்டாருடனும் சேர்ந்து உரிய காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மையவாடிகளில் மண்டும் சீமைக் கருவேலத்தை அகற்றி, பாலை, வீரை, நாவல், உகாய் ஆகியவற்றை வைத்து வளர்க்கலாம். மரம் நடுவதன் நன்மை பற்றிய நபிமொழிகளை நாம் மேடைகளில் நிரம்பக் கூறிவிட்டோம். நிற்கும் மரத்துக்கு அதன் உரிய பெயரைச் சொல்லிச் சாட்சி பகர்வதும் அமானிதத்தின் ஒரு பகுதியே. வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக!